நான்காம் கட்டிலின் மூடி

14 பிப்ரவரி, திங்கள்

எந்த வருஷம் என்று முதலில் போட வேண்டுமாம். எண்ணாகச் சொன்னால் எனக்கு மனதில் நிற்காது. பாலாற்றில் கரை முட்டத் தண்ணீர் வந்து, பொன்னை ஆற்றுப் பாலம் விரிசல் விட்டு, ரயில்களை எல்லாம் நிறுத்தி வைத்தார்களே, அதற்கு அடுத்து வந்த மாசி என்று போடச் சொன்னேன். இரண்டு ஊசி போட்ட பிறகும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு திரிந்த காலம். நகராட்சித் தேர்தலுக்காக ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து கத்துகிறார்கள். அதையும் சேர்க்கச் சொன்னேன். எழுதுகிறவர் இவ்வளவையும் எழுதிவிட்டு ஓரத்தில் சின்னதாக 2022 என்று போட்டுக்கொண்டார். என் வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

இந்த நோட்டைக் கொடுத்தது சென்னையிலிருந்து வந்த தமயந்தி என்கிற ஆராய்ச்சிக்காரப் பெண். வார்டில் சர்க்கரைப் புண்ணோடு கிடக்கும் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு. வலி, நீர், வாடை, மனசு எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. அதனால் நான் சொல்லச் சொல்ல ஐந்தாம் கட்டில்காரர் எழுதுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதியே ஓய்வு பெற்றவர். வார்டு முழுக்க அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறது. என் பேச்சைப் பேச்சாக எழுதாமல் நல்ல தமிழாக்கி எழுதுகிறார். ஆக்கும்போது எதை விடுகிறார், எதைச் சேர்க்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாயந்திரம் ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் கன்னியப்பன், நான்காம் கட்டில், வயது எழுபத்து நான்கு. தோல் பதனிடும் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் நாற்பத்தொரு வருஷம் வேலை. இடது உள்ளங்காலில் புண் வந்து பதினோரு மாதம். வலி இல்லை. வலி போய் மூன்று வருஷம் ஆகிறது. பெரிய டாக்டர் நாலு வாரம் பார்ப்பாராம். மூடவில்லை என்றால் பாதத்தில் முன்பாதியை எடுத்துவிடுவாராம். கத்தரிக்காய் நறுக்குவதைப் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கட்டில் லாரி ஓட்டிய சாமிக்கண்ணு. இரண்டு, பீடி மண்டி ரஷீத் பாய். மூன்று, பள்ளிக்கூடத்தில் மணி அடித்த தேவநேசன். ஆறு, செங்கல் சூளை ஏழுமலை. ஆறு பேருக்கும் சேர்த்து ஏழு முழுக்கால்தான் தேறும் என்று சாமிக்கண்ணு சிரிக்கிறார்.

புண்ணின் மேல் ஒரு தாளை ஒட்டுகிறார்கள். மீன் தோலிலிருந்து எடுத்த சத்தும் இறால் ஓட்டிலிருந்து எடுத்த சத்தும் கலந்து உலர்த்திய தாளாம். சும்மா உலர்த்தினால் ஈரம் பட்டதும் கஞ்சியாகிவிடும். அதனால் உள்ளே இருக்கும் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட ஒரு மருந்து சேர்க்கிறார்கள். அந்த முடிச்சு மருந்தில் இரண்டு வகை. யாருக்கு எந்த வகை என்று தனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சென்னையில் ஒரு கவரில் அரக்கு வைத்து மூடியிருக்கிறது என்றாள் அந்தப் பெண். சின்ன வயசு, முகத்தில் கள்ளம் தெரியவில்லை. ஆனாலும் நான் வேலை செய்த இடத்தில் நல்ல சரக்கு யாருக்குப் போகிறது என்று தெரியாத முதலாளியை நான் பார்த்ததில்லை.

ஆளுக்கொரு வெள்ளை டப்பா. உள்ளே நாலு வாரத்துக்கு நாலு பாக்கெட். மூடியில் கட்டில் நம்பர் இருக்கிறது, டப்பாவில் ஒன்றும் இல்லை. ஆறும் ஜன்னலை ஒட்டிய தட்டில் வரிசையாக இருக்கின்றன. சிஸ்டர் ஜெசிந்தா மூடியைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். தாளைப் புண்ணின் அளவுக்கு வெட்டி ஒட்டிவிட்டு மிச்சத்தைக் கையிலிருந்த தகரத் தட்டில் போட்டாள்.

ரைட்டர் வந்த அன்றே தன் சாமான் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் ஆணியால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். டம்ளர், தட்டு, செருப்பு எதையும் விடவில்லை. ஃபிளாஸ்க்கை எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார். நான் எந்தத் தெரு என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர். இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

16 பிப்ரவரி, புதன்

வலி இல்லை. நீர் கொஞ்சம்.

இன்று வெந்நீர் தேவைப்பட்டது. ரைட்டரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். எதற்கு இரண்டு டம்ளர் என்று கேட்கிறார். சூடு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று எழுதச் சொன்னேன்.

வேறு எழுத இல்லை என்பதால் பழைய கதை ஒன்று. ஷாப்பில் டிரம்மிலிருந்து தோலை எடுத்ததும் ஓரத்தில் விரல் நீளம் அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். பதம் ஏறியிருந்தால் போட்டது போட்டபடி கிடக்கும். ஏறாவிட்டால் சூட்டில் விழுந்த புழுவாகச் சுருளும். சுருண்டால் அந்த டிரம்மையே நம்பக் கூடாது. மறுபடி ஓட்ட வேண்டும். படித்த கெமிஸ்ட் வந்து ஆயிரம் காகிதம் காட்டினாலும் கடைசியில் அந்தத் தகர டப்பாவும் வெந்நீரும் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு தடவை மட்டும், பாலாறு வற்றி மணலில் ஊற்று தோண்டிய வருஷம், சோதனை செய்யாமலே செய்தாயிற்று என்று ஒருவன் சொல்லிவிட்டான். நானூறு தோல் மெட்ராஸ் துறைமுகத்திலேயே அழுகி நாறியது. அந்த டிரம்மில் என்னோடு நின்ற முனுசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சொன்னவன் முனுசாமி இல்லை.

அப்போது யார் என்று ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார். டீ வந்துவிட்டது.

18 பிப்ரவரி, வெள்ளி

சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். என் தாளில் பாதியைக் காணவில்லை. கரைந்து ஓரமெல்லாம் பசையாகிக் கிடந்தது. ரைட்டரின் தாள் அப்படியே இருக்கிறது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. அவள் இரண்டையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், எதையும் முகத்தில் காட்டமாட்டாள். என்னது ஏன் கரைகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது தாத்தா. பேசாம கெடங்க."

ஒன்றும் செய்யாது என்றுதான் ஷாப்பில் எங்களைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கினார்கள். எந்தத் தெரு என்று சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்டார்கள் இல்லையா? கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கும்.

19 பிப்ரவரி, சனி

ஓட்டுப் போடும் நாள். சிஸ்டர், வார்டு ஆயா, வாட்ச்மேன் எல்லாரும் மாறி மாறிப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வார்டில் யாரும் இல்லை. ரைட்டர் வாயைத் திறந்து தூங்கினார். நான் குதிகாலை ஊன்றிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தேன். தட்டில் தூசி இருந்தது. துடைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மனசு எப்படி என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நன்றாக இருக்கிறது என்று போடச் சொன்னேன்.

21 பிப்ரவரி, திங்கள்

இரண்டாம் தாள். பாக்கெட்டைப் பிரித்ததுமே வாடை வந்தது. காரமும் புளிப்புமாக, அழுகின பழத்தில் மருந்து தெளித்த வாடை. வெள்ளைத் தோலுக்கு நாங்கள் போடும் மருந்துக்கு உறவுக்கார வாடை. டிரம்மைத் திறக்கும்போது கண்ணில் நீர் வரும். எனக்கு அது தெரிந்த வாடை. ஊர்க்காரனைப் பார்த்த தெம்பு வந்தது. தாளும் விறைப்பாக இருந்தது. சிஸ்டர் மட்டும் மூக்கைச் சுளித்து, போன வாரம் இப்படி வாடை இல்லையே என்றாள். ஜலதோஷம் பிடித்திருக்கும், அப்போது தெரிந்திருக்காது என்றேன்.

என் டப்பாவை எடுத்து அவள் தூக்கிப் பிடித்தபோது ரைட்டர் அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார்.

22 பிப்ரவரி, செவ்வாய்

வெடி வெடிக்கிறார்கள். யாரோ ஜெயித்துவிட்டார்கள்.

25 பிப்ரவரி, வெள்ளி

என் தாள் வைத்தபடி இருக்கிறது. ஓரம்கூடக் கரையவில்லை. ரஷீத் பாயிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். பதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றேன். பாய் தன் காலைக் காட்டினார். தாள் முழுக்கக் கரைந்துபோய் அடியில் மாதுளை முத்துப் போலச் சிவப்பாகச் சதை எழும்பியிருந்தது. பாவம், அவருக்கும் கரைகிற சரக்கு என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ரைட்டரின் கட்டையும் பிரித்தார்கள். அவருக்கும் கரைந்திருந்தது. அவருக்கும் சிவப்பு.

ரைட்டர் இதை எழுதிக்கொண்டே போனார். வழக்கமாக ஏதாவது ஒரு சொல்லைத் திருத்துவார். இன்று திருத்தவில்லை. என்ன யோசனை என்று கேட்டதற்கு, கால் குளுகுளுவென்று இருக்கிறது என்றார். பிறகு ஃபிளாஸ்க்கை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். ஏன் நகர்த்துகிறார்? வெந்நீர் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாரா? நான் தொடவில்லை.

28 பிப்ரவரி, திங்கள்

மூன்றாம் தாள். பழையதை எடுக்கும்போது சிஸ்டர் இடுக்கியால் உரிக்க வேண்டியிருந்தது. அடியில் சதை வெளுத்து, சுண்ணாம்புக் குழியில் நாள்பட்டுக் கிடந்த தோல் மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவந்திருக்கிறது, அது நல்ல சிவப்பு இல்லை.

யாரோ என் பாக்கெட்டில் ஏதோ செய்திருக்கிறார்கள். ஆயா மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. பெரிய டாக்டர் ரைட்டரிடம் மட்டும் உட்கார்ந்து பேசுகிறார், என்னிடம் நின்றுகொண்டு பேசுகிறார். இவை எல்லாம் எழுதப்பட வேண்டும்.

2 மார்ச், புதன்

காய்ச்சல். நீர் அதிகம். வாடை உண்டு. பெரிய டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் தாமதிக்க முடியாது என்றார். எதற்கு என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. தேவநேசன் முன்பே எடுத்திருந்த காலின் கட்டையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

3 மார்ச், வியாழன்

தமயந்தி வந்தாள். சிஸ்டர் குறித்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கும் ரைட்டரின் கட்டிலுக்கும் இடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. நான் தோல் ஷாப்பு ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயா, நீங்க பதம் போட்ட தோல் எவ்வளவு நாள் கெடாம இருக்கணும்?"

செருப்பு தேயும் வரைக்கும் என்றேன். மாடு செத்தாலும் தோல் சாகக் கூடாது, அதுதான் எங்கள் வேலை என்றேன்.

"இது சாகணும் ஐயா. நேரத்துக்குச் சாகணும். இது புண்ணுக்குள்ள கட்டுற சாரம் மாதிரி. உங்க சதைதான் கொத்தனார். அவன் ஏற ஏற சாரத்தைப் பிரிச்சுக்கிட்டே போகணும். முடிச்சு ரொம்ப இளகிப் போனா அவன் ஏறுறதுக்குள்ள விழுந்துடும். ரொம்ப இறுக்கிட்டா பிரிக்கவே முடியாது. நீரும் உறிஞ்சாது, வளைஞ்சும் கொடுக்காது, கட்டை மாதிரி நின்னுடும். இறுக்குற மருந்து கழுவாம உள்ள தங்கிட்டா, புதுச் சதையை அதுவே சுடும்."

அப்படியானால் ஐந்து நாளில் பாதி கரைந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அதுதானே எங்களுக்கு வேணும். ஒரு வாரத்துல தாள் போயிடணும், அந்த இடத்துல சதை நிக்கணும்."

வெந்நீரில் போட்டால் சுருளுகிற தாள் கெட்ட தாள் இல்லையா என்று கேட்டேன். எந்தச் சூட்டில் சுருளுகிறது என்று அவர்களும்தான் மெஷினில் வைத்துப் பார்க்கிறார்களாம். அது முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும். காலுக்கு நல்லதா என்று சொல்லாது என்றாள். வெந்நீர் விஷயம் எனக்கு எப்படித் தோன்றியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு அவள் பேசியது என்னிடம் இல்லை, சிஸ்டரிடம். ஒரே டப்பாவில் ஒரே வகைதான் இருக்க வேண்டும். நான்காம் கட்டிலில் முதல் வாரம் கரைந்த தாள் இரண்டாம் வாரம் தோலாகி நிற்கிறது. ஐந்தாம் கட்டிலில் தலைகீழ். அப்படியென்றால் சென்னையில் பாக்கெட் போடும்போதே கலந்துவிட்டது. பாக்கெட் போட்டது கலைமதி என்கிற ஒரே ஆள். திங்கட்கிழமை அவளை விசாரிக்கிறார்கள். வேலை போய்விடும். இந்த வார்டில் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். ரஷீத் பாய், ஏழுமலை, யாருக்கும் நாலாம் தாள் கிடையாது.

"அவ அப்படிக் கலக்குற ஆளே இல்ல சிஸ்டர். ஒவ்வொரு பாக்கெட்டையும் ரெண்டு தடவை பார்ப்பா. ஆனா வேற எப்படி நடக்கும்?"

ரைட்டர் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4 மார்ச், வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

5 மார்ச், சனி

நான் சொல்வதை இன்று திருத்தாமல் எழுதுங்கள் என்றேன். ரைட்டர் சரி என்றார். பேனாவை மாற்றிக்கொண்டார்.

கன்னியப்பன் ஆகிய நான் சொல்வது. பதினான்காம் தேதி சிஸ்டர் வெட்டிப்போட்ட மிச்சத் துண்டு இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று என்னுடையது, ஒன்று ரைட்டருடையது. பதினாறாம் தேதி ரைட்டரின் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் எடுத்து இரண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டேன். என்னுடையது சுருண்டு குழைந்தது. அவருடையது போட்டபடி கிடந்தது. நல்ல பதம் போலீஸ்காரருக்கு, கரைகிற பதம் எங்கள் தெருவுக்கு என்று முடிவு கட்டினேன். நாற்பத்தொரு வருஷமும் அப்படித்தான் நடந்தது. இங்கே மட்டும் வேறாக நடக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஓட்டுப் போடும் நாள் மத்தியானம் நாலாம் நம்பர் மூடியையும் ஐந்தாம் நம்பர் மூடியையும் மாற்றி மூடினேன். அவருடைய டப்பா எனக்கு வந்தது. என்னுடையது அவருக்குப் போனது. தெரிந்து செய்தேன். அவர் கால் போனாலும் என் கால் நிற்கட்டும் என்றுதான் செய்தேன். அந்தப் பெண் கலைமதி மேல் தப்பு இல்லை. அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

காய்ச்சலுக்குப் பயந்து சொல்வதாக யாராவது சொன்னால் அது இல்லை. திங்கட்கிழமை கத்தி வைப்பதாகச் சொன்னதற்காகவும் இல்லை. முனுசாமி விஷயத்தில் அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. வெந்நீரில் போட்டுப் பார்த்தேன் என்று கணக்கப்பிள்ளையிடம் பொய் சொன்னது நான். முனுசாமி அப்புறம் திருத்தணிப் பக்கம் மூட்டை தூக்கி, கார்கில் சண்டை நடந்த வருஷம் ஆடியில் செத்தான். அவன் பெண்சாதி என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், அவள் மகள் கல்யாணத்துக்கு. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதையும் எழுதுங்கள்.

ரைட்டர் எழுதி முடித்தார். ஸ்டேஷன் வழக்கப்படி முதலிலிருந்து படித்துக் காட்டினார். ஒரு எழுத்தும் விடவில்லை என்று நினைக்கிறேன். சிஸ்டரிடம் மைப்பெட்டி கேட்டார். அவள் எதற்கு என்றாள். கைநாட்டுக்கு என்றார். என் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி நோட்டில் அழுத்தினார். இந்த மூன்று வாரத்தில் அவர் கை என் மேல் பட்டது இதுதான் முதல் தடவை.

பிறகு சொன்னார்.

"யோவ் கன்னியப்பா, என் டப்பா அடியில நான் மொத நாளே கீறி வச்சிட்டேன். எவனையும் நம்பாத பொழப்பு என்னுது. இருபத்தொண்ணாந் தேதி சிஸ்டர் உன் கட்டிலாண்ட தூக்கினது என் டப்பான்னு அப்பவே தெரியும்."

அப்போதே ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"கையும் களவுமா புடிக்கலாம்னு ஒரு வாரம் பாத்துக்கினு இருந்தேன். அதுக்குள்ள கால்ல சதை ஏற ஆரம்பிச்சிடுச்சி. ஏறின அப்புறம் எதுக்குச் சொல்றது? உன் கால் வெளுத்துப் போறத நான்தானே தெனம் எழுதினேன். எழுதிக்கினேதான் இருந்தேன். திருடினவன் மட்டும் இல்லய்யா, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சி வச்சிக்கினவனும் உள்ளதான் போவணும்."

அதை எழுத வேண்டும் என்றேன். தன் கையெழுத்தில், தன் பெயரோடு, என் கைநாட்டுக்குக் கீழே எழுதினார். என்ன எழுதினார் என்று படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

சிஸ்டர் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். போய் டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம் போனில் சென்னையைக் கூப்பிட்டாள்.

7 மார்ச், திங்கள்

சனிக்கிழமையே என் புண்ணிலிருந்த விறைத்த தாளை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஞாயிறு முழுக்க உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். இன்று காலை பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கறுத்துப்போன இரண்டு விரலை மட்டும் எடுத்தால் போதும், பாதத்தைத் தொட வேண்டாம் என்றார். உட்கார்ந்துதான் சொன்னார்.

தமயந்தி வந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இனிமேல் அவள் கணக்கில் இல்லை என்றாள். கலைமதி வேலையில் இருக்கிறாள். வார்டில் மற்றவர்களுக்கு நாலாம் தாள் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் விதிப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் கரைகிற வகையில் ஒரு பாக்கெட் மட்டும் அந்த டப்பாவில் மிச்சம் இருக்கிறது, டாக்டர் யாருக்குச் சொல்கிறாரோ அவருக்கு. ரைட்டருக்குப் புண் இன்னும் எட்டணா அகலம் திறந்துதான் இருந்தது.

"அது அவரு டப்பா, டாக்டர். என் கீறல் அடியில இல்ல பாருங்க."

டாக்டர் அவர் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ரைட்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, யோசிக்க என்ன இருக்கிறது, சொத்து உடையவனுக்குப் போக வேண்டும் என்றார்.

எனக்கு இன்னும் சந்தேகம்தான். நல்லது என்று தெரிந்த ஒன்றை ஒருவர் சும்மா கொடுப்பாரா? இதில் வேறு என்ன இருக்கிறது என்று ராத்திரி வரை யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

14 மார்ச், திங்கள்

தாள் கரைந்துவிட்டது. மாதுளை.

நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறது. ரைட்டர் நாளை வீட்டுக்குப் போகிறார். அவர் புண் மூட இன்னும் ஒரு மாதமாவது ஆகுமாம். மிச்சப் பக்கத்துக்கு யார் எழுதுவது என்று கேட்டேன். தேவைப்பட்டால் ஆள் அனுப்பு என்றார். ஊர் பேரைச் சொல்லிவிட்டு, நான் மறக்கமாட்டேன் என்று தெரிந்தும் இரண்டு தடவை சொன்னார்.

19 பிப்ரவரி, திங்கள்

எந்த வருஷம் என்றால், மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் சென்னையை மூழ்கடித்த புயல் வந்து போன பிறகு வந்த மாசி. மூக்கில் துணி கட்டுவதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஓரத்தில் 2024 என்று சின்னதாகப் போட்டாயிற்று.

காலையில் சென்னையிலிருந்து போன் வந்தது. கலைமதி பேசினாள். குரலை இன்றுதான் கேட்கிறேன். கணக்கில் இல்லை என்றாலும் ஆறு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் கழித்து விசாரிக்க வேண்டுமாம். மற்றவர்கள் யாருடைய நம்பரும் கிடைக்கவில்லையாம். என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னது தமயந்தியாம், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று. நான் சொல்லி எழுதி அனுப்புகிறேன் என்றேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. தெரியும் என்று அவளே சொன்னாள். தாத்தா, கால் எப்படி இருக்குது என்று கேட்டாள். எட்டு விரலோடு கடைக்குப் போய் வருகிறேன் என்றேன்.

ஆள் அனுப்பினேன். ரைட்டர் பஸ் மாறி வந்தார். லேசாக விந்தி நடக்கிறார். என் வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி, அதில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். என் டம்ளரில் கொடுத்தேன். குடித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இனி எழுத வேண்டியது.

முதல் கட்டில் சாமிக்கண்ணு. புண் மூடியது. மறு வருஷம் பொங்கலுக்கு அடுத்த நாள் மாரடைப்பு. மூன்றாம் கட்டில் தேவநேசன். இறுகின தாள்தான் அவருக்கு வந்தது என்று பிறகு தெரிந்தது. இருந்த காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குருத்தோலை ஞாயிறு அன்று போனார். அவர் டப்பாவை நான் தொடவில்லை. ஆனாலும் அவர் நினைவு வந்தால் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறாம் கட்டில் ஏழுமலை. கால் நன்றாக இருந்தது. சூளையில் சுவர் சரிந்து விழுந்தது. இரண்டாம் கட்டில் ரஷீத் பாய். சிறுநீரகம். போன ரம்ஜானுக்கு நாலு நாள் முன்பு. நான் போயிருந்தேன். அவர் காலைத் துணி விலக்கிப் பார்த்தேன், தழும்புகூட மெல்லிசாகத்தான் இருந்தது.

நான்காம் கட்டில் நான். சொல்கிறவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மிச்சம் ஐந்தாம் கட்டில். எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். ரைட்டர் என்று போட்டால் கலைமதிக்குப் புரியாது. முழுப் பெயரைப் போடுங்கள். உயிரோடு இருக்கிறார் என்று போட்டுப் பெயரைப் போடுங்கள். வரதராஜுலு.